ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்

1984ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் எஸ்.டி.பி.எம் தேர்வு முடிவு வந்தது. பெட்ரீசியாவுக்குக் கணக்கில் ஏ, இயற்பியலில் பி. ஈப்போ கான்வெண்ட்டில் அந்த வருடம் ஆறாம் படிவம் முடித்த தமிழ்ப் பெண்கள் மூன்று பேர். அவர்களில் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும் அளவுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். அஞ்சலகத்தில் படிவம் வாங்கினாள். அதில் எட்டுப் படிப்புகளை வரிசையாக எழுத வேண்டும். முதலில் எழுதுவதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெட்ரீசியா அந்த முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

கணினி படிக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் வழிகாட்டிப் புத்தகத்தில் கணினிக்கென்று இரண்டு படிப்புகள் இருந்தன. பினாங்கில் ஒன்று, ‘சாயின்ஸ் கொம்பியூத்தர்’. கோலாலம்பூரில் ஒன்று, ‘பெம்ப்ரொசெசான் டாத்தா’. ஒன்று கணினி அறிவியல், மற்றது தரவுச் செயலாக்கம். இரண்டும் நான்கு வருடம். இரண்டுக்கும் ஒரே தகுதி கேட்டிருந்தார்கள். முதல் வருடப் பாடங்களில் பாதி ஒன்றாகவே இருந்தன. கான்வெண்ட் சிஸ்டரிடம் கேட்டாள். “ரெண்டும் கம்பியூட்டர்தானே, எது வீட்டுக்குப் பக்கமோ அதை எழுது” என்றார் அவர். கணக்கு வாத்தியாரைக் கேட்டாள். அவர் கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

வீட்டில் கேட்க ஆளில்லை. அவள் குடும்பம் ஐந்தாங்கட்டைத் தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று, லயங்களை இடித்து, ரப்பர் மரங்களை அடியோடு சாய்த்தபோது பெட்ரீசியாவுக்கு வயது பதினொன்று. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா மத்தியாஸ் பலகைத் தொழிற்சாலையில் வாசல் காக்கும் ஜாகா வேலைக்குப் போனார். அம்மா அகதா கையுறைத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். அண்ணன் லூயிஸ் மூன்றாம் படிவத்தோடு புத்தகப்பையை வைத்துவிட்டு லோரியில் ஏறினான். இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தார்கள்.

லூயிசுக்குத் தங்கை என்றால் உயிர். ஆறாம் படிவம் படித்த இரண்டு வருடமும் தினமும் காலையில் தன் மோட்டாரில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனான். ஒருமுறை பள்ளி வாசலில் இரண்டு பையன்கள் அவளைப் பார்த்து விசில் அடித்தார்கள். லூயிஸ் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே ஒருவன் வாயில் அடித்தான். மற்றவனைச் சாக்கடையில் தள்ளி, எழ எழ மிதித்தான். அன்று வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. அம்மா அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்து வைத்தார். பெட்ரீசியாவுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளியில் கூடப் படித்த நவமணி ஐந்தாம் படிவத்தோடு நின்று, ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு டைல் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டர் அறை ஒன்று இருந்தது. ஜெயபாலன் என்ற ஒருவர்தான் அதைப் பார்த்துக்கொண்டார். முப்பது வயதிருக்கும். டிப்ளோமா படித்தவர்.

“அவரக் கேட்டா சொல்வாரு லா. ரொம்ப நல்ல மாதிரி. நான் கூட வாரேன்,” என்றாள் நவமணி.

தொழிற்சாலைக்கு எதிரே ஒரு சீனர் கோப்பிக்கடை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே சந்தித்தார்கள். ஜெயபாலன் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்த நீளத் தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் பினாங்கு, அந்தப் பக்கம் கோலாலம்பூர் என்று எழுதினார்.

“பேரப் பாத்து ஏமாறாத தங்கச்சி. மொத வருசம் ரெண்டும் ஒன்னு மாதிரிதான் இருக்கும். அப்புறம்தான் பிரியும். இங்க, மெசினுக்குள்ள என்னா நடக்குதுன்னு சொல்லிக் குடுப்பான். அங்க, மெசின வச்சி கம்பெனிக்கு எப்படி வேலை வாங்குறதுன்னு சொல்லிக் குடுப்பான்.”

“அதுல என்னா பெரிய வித்தியாசம் அண்ணே?”

“பெரிய வித்தியாசம் லா. நான் படிச்சது அந்தப் பக்கத்துப் படிப்பு மாதிரிதான். போன மாசம் எங்க மெசின் படுத்திருச்சி. நாங்க என்னா செஞ்சோம் தெரியுமா? கோலாலம்பூருக்குப் போன் போட்டோம். ஒருத்தன் வந்தான். என்னைவிடச் சின்னப் பையன். நாங்க எல்லாரும் கையக் கட்டிட்டு நின்னோம். அவன் மூடியத் தொறந்தான், பாத்தான், எதையோ அடிச்சான், ஓட ஆரம்பிச்சிருச்சி. அவன் படிச்சது இந்தப் பக்கம்.”

பெட்ரீசியா தாளையே பார்த்தாள். ஜெயபாலன் ஒவ்வொரு பாடமாக எழுதிக்கொண்டே போனார். எதில் கணக்கு அதிகம், எதில் கட்டுரை அதிகம், எந்தப் பாடத்தில் நிறையப் பேர் விழுவார்கள் என்றெல்லாம் சொன்னார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நவமணி சலித்துப்போய் எழுந்து பலகாரத் தட்டுகளைப் பார்க்கப் போனாள்.

“சரி, ஒன்னயப் பத்தி நான் கேட்டேன், நீயும் சொல்லிட்ட,” என்றார் ஜெயபாலன். பேனாவை மூடினார். “ஒனக்கு எது சரின்னா...”

வாசலில் மோட்டார் நின்ற சத்தத்தை பெட்ரீசியா கேட்டாள். அது அண்ணனுடைய மோட்டார் என்று அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். படிவத்தைப் பற்றி அவனுக்கும் சொல்லலாமே என்றுதான் திரும்பினாள்.

லூயிஸ் கையில் செய்தித்தாள் சுற்றிய எதையோ வைத்திருந்தான். உடன் லோரி ஓட்டும் உடையப்பன் அரைமணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கடையைத் தாண்டிப் போயிருந்தான். ஒன் தங்கச்சி எவன்கூடவோ தலையோடு தலை முட்ட உக்காந்திருக்கா மச்சான் என்று சொல்லியிருந்தான். அது போதுமாயிருந்தது. லூயிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்து வரும்போதே செய்தித்தாள் கழன்று விழுந்தது. உள்ளே பாராங் கத்தி.

முதல் வெட்டு தலைக்கு வந்தது. ஜெயபாலன் வலது கையைத் தூக்கினார். கத்தி கையில் இறங்கி, அந்த வேகத்திலேயே மார்பிள் மேசையில் பட்டுத் தெறித்தது. கோப்பிக் கோப்பைகள் உடைந்தன. ஜெயபாலன் கத்தவில்லை. தன் கையைப் பார்த்தார். மூன்று விரல்கள் தாளின்மேல் கிடந்தன. இரண்டாவது வெட்டு தோளில் விழுந்தபோதுதான் அவர் வாயிலிருந்து சத்தம் வந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். லூயிஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனான்.

பெட்ரீசியா அவன் முதுகில் தொங்கினாள். சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். “அண்ணே! அண்ணே! படிப்பு கேக்க வந்தேன் அண்ணே!” லூயிஸ் முழங்கையால் பின்னால் ஒரு இடி இடித்தான். அவள் வாய்க்குள் ஏதோ உடைந்தது. கீழே விழுந்தாள். தரையில் கிடந்தபடியே அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளை இழுத்துக்கொண்டே இரண்டு அடி நடந்து, கீழே கிடந்தவரின் முதுகில் மூன்றாவது முறை வெட்டினான். அதற்குள் கடைக்காரத் தவுக்கே கொதிக்கிற தண்ணீர்க் கெண்டியைத் தூக்கி அவன்மேல் வீசினார். லூயிஸ் அலறினான். கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். மோட்டாரைக்கூட எடுக்கவில்லை.

தவுக்கேயின் மனைவி ஐஸ் கச்சாங்குக்கு வைத்திருந்த ஐஸை ஒரு மங்குக் கிண்ணத்தில் அள்ளி, மூன்று விரல்களையும் பொறுக்கிப் போட்டார். ஒரு பிக்கப் வண்டியில் ஜெயபாலனை ஏற்றினார்கள். பெட்ரீசியா அந்த மங்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவள் வாயிலிருந்து வழிந்த ரத்தம் மங்கில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பியே வைத்திருந்தாள்.

டாக்டர்கள் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். விரல்கள் ஒட்டவில்லை.

லூயிஸ் லூமுட்டுக்கு ஓடி, ஒரு மீன்பிடிப் படகில் ஏறி பங்கோர் தீவுக்குப் போகப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை காலை துறைமுகத்தில் போலீஸ் மாத்தாக்கள் அவனைப் பிடித்தார்கள். வெந்நீர் பட்ட முதுகு புண்ணாகி, சட்டை ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

அந்தச் செய்தி வந்த அன்று அம்மா விளக்குமாற்றை எடுத்தார். பெட்ரீசியா அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க முயன்றுகொண்டிருந்தாள். முன்பல் இரண்டு போய் வாய் வீங்கியிருந்ததால் கரண்டி உள்ளே போகவில்லை. விளக்குமாற்றின் அடிக்கட்டையால் முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தார் அம்மா. “எம் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிட்டியே! ஊர்ல ஆம்பளை இல்லாத இடமே இல்லையா? கோப்பிக்கடையில போயா உக்காருவ?” அடித்து அடித்துக் கட்டை உடைந்ததும் அம்மாவே கீழே உட்கார்ந்து அழுதார்.

புதன்கிழமை அப்பா பேசினார். மத்தியாஸ் அதிகம் பேசுபவர் அல்ல. படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

“நாளைக்கி மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருவாரு. ஒன்னய விசாரிப்பாரு,” என்றார்.

“ம்.”

“அந்த ஆளு ஒங் கையப் புடிச்சி இழுத்தான்னு சொல்லு. நீ விடுன்னு கத்துன. அண்ணன் வந்து பாத்தான். கோவத்துல வெட்டிட்டான். அவ்வளவுதான். வக்கீல கேட்டுட்டேன். அப்படிச் சொன்னா கொறச்சலா போயிரும்.”

“அவரு என்னயத் தொடக்கூட இல்லப்பா.”

“தெரியும்,” என்றார் மத்தியாஸ். அவர் குரலில் கோபமே இல்லை. “நீ சொல்லு. சொன்ன ஒடனே நான் இதுல கையெழுத்துப் போடுறேன். நீ பினாங்குக்குப் போ, கோலாலம்பூருக்குப் போ, எங்க வேணும்னாலும் போ. ஒனக்கு ஒரு வழி, அவனுக்கு ஒரு வழி.”

வியாழன் காலை பெட்ரீசியா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அது மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஜெயபாலன் அன்று சொல்ல வந்து முடிக்காத வாக்கியத்தைத்தான் ஐந்து நாளாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதன் விரல் போய்க் கிடக்கும்போது தன் புத்தி இப்படிப் போகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

ஜெயபாலன் கவிழ்ந்து படுத்திருந்தார். முதுகெல்லாம் கட்டு. வலது கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாகத் தலையணைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். ஜெயபாலனின் அம்மா இருளாயி.

“யாருமா நீ?”

“பெட்ரீசியா.”

இருளாயி எழுந்தார். கையிலிருந்த தூக்கால் அவள் முகத்தில் அடித்தார். கொதிக்கும் ரசம் அவள் கழுத்தில் வழிந்தது. பெட்ரீசியா கையை உயர்த்தவில்லை. இன்னொரு அடி நெற்றியில் விழுந்து தோல் பிளந்தது. “எம் மவன் கைய எடுத்தவளே! இன்னும் என்னாத்த எடுக்க வந்த?” அவள் முடியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினார். நர்சு மிஸ்ஸிமார் ஓடிவந்து பிரித்தார்கள்.

“விடும்மா,” என்றார் ஜெயபாலன். முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார். “அது என்னா செஞ்சிச்சி? விடு.”

பெட்ரீசியா கட்டில் ஓரம் குனிந்தாள். நெற்றி ரத்தம் அவள் புருவத்தில் தேங்கியது. மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு வார்த்தை வந்தது.

“அண்ணே, எனக்கு எது சரின்னு சொல்ல வந்தீங்க. நாளைக்கிக் கடைசி நாளு.”

ஜெயபாலன் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒன்னுதான் லா,” என்றார். “எதையாச்சும் எழுது. எழுதிட்டு இந்த ஊர விட்டுப் போயிரு.”

அதற்குமேல் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னது பொய் என்று பஸ்ஸில் திரும்பும்போது பெட்ரீசியா நினைத்தாள். ரெண்டும் ஒன்றில்லை என்று ஒரு மணி நேரம் பாடம் பாடமாக எழுதிக் காட்டியவரும் அவர்தான். அந்தத் தாள் இப்போது மாத்தாவிடம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். எது எங்கே பிரிகிறது, எது எதில் போய் முடிகிறது என்று அவளுக்கு முழுதும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லத் தேவையில்லை என்பது அவளுக்கு அந்தப் பஸ்ஸில்தான் உறைத்தது. ஒன்று உடைந்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தன்னால் முடியாது.

வீட்டுக்கு வந்தபோது இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வந்திருந்தார். அப்பா எதிரே நின்றார். பெட்ரீசியா மலாயில் சொன்னாள். எதற்காகப் போனாள், யார் கூட வந்தது, என்ன பேசினார்கள், அண்ணன் எப்படி உள்ளே வந்தான், எத்தனை வெட்டு, எல்லாம் சொன்னாள். அவர் உன்னைத் தொட்டாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றாள். சத்தம் போட்டாயா என்று கேட்டார். போட்டேன், ஆனால் என் அண்ணனைப் பார்த்துத்தான் போட்டேன் என்றாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, அவள் நெற்றியைப் பார்த்து, இதற்கும் புகார் கொடுக்கிறாயா என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஜீப் சந்து திரும்பும்வரை மத்தியாஸ் வாசலில் நின்றார். பிறகு கதவைத் தாழிட்டார். தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாயை இரண்டாக மடித்துக்கொண்டு வந்தார். தொடையில், முதுகில், கைகளில், விழுந்த இடத்திலெல்லாம் அடித்தார். பெட்ரீசியா முதலில் கத்தினாள். பிறகு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி, வலது கையை வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தாள். நாளை எழுத அந்தக் கை வேண்டும். அப்பாவுக்குக் கை ஓய்ந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. “எம் மவன் போயிட்டான்,” என்றார். அடுப்படியில் அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு பெட்ரீசியா படிவத்தை எடுத்தாள். முதல் வரியில் பினாங்குப் படிப்பின் எண்ணை எழுதினாள். கோலாலம்பூரை இரண்டாவதாக எழுதினாள். மற்ற ஆறையும் நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அப்பாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். தமிழில் ‘ம’வுக்குப் பிறகு ஒரு புள்ளி, பேருக்கு அடியில் வளைத்து ஒரு கோடு. பலகைத் தொழிற்சாலைத் தாள்கள் எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டியது அவள்தான். ஒரே முயற்சியில் போட்டாள். அஞ்சலகத்துக் கிராணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதும் கேட்காமல் உறையில் முத்திரை குத்தினார்.

ஜூன் மாதம் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதை வாங்கி, பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தான் போடாத கையெழுத்து எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இந்த முறை அடிக்கவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “இனிமே இங்க வராத,” என்றார். அவள் ஒரு பையோடு கிளம்பியபோது அம்மா வெளியே வரவில்லை.

வழக்கு மறு வருடம் பிப்ரவரியில் ஈப்போவில் நடந்தது. பெட்ரீசியா பினாங்கிலிருந்து பஸ்ஸில் வந்தாள். நவமணி வரவில்லை. அவள் அப்பா விடமாட்டேன் என்றிருந்தார். குற்றவாளிக் கூண்டில் லூயிஸ் நின்றான். அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தான்.

அவன் வக்கீல் அவளைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். கல்யாணமாகாத ஆணோடு ஒரு மணி நேரம் என்ன பேச்சு? படிப்பு. என்ன படிப்பு? கணினி. அதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?

“ரெண்டு படிப்பு இருந்துச்சி. எதுன்னு தெரியல,” என்றாள்.

“அவரை என்னவென்று கூப்பிடுவாய்?”

“அண்ணே.”

கூண்டில் லூயிஸின் தலை அப்போதுதான் அவள் பக்கம் திரும்பியது.

அரசாங்கத் தரப்பு அந்தத் தாளை நீட்டியது. ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. இந்தப் பக்கம் பினாங்கு, அந்தப் பக்கம் கோலாலம்பூர். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பத்தியையும் மேலிருந்து கீழ்வரை படித்தார். அதற்குமேல் வக்கீல் கேள்வி கேட்கவில்லை.

லூயிசுக்கு நான்கு வருடச் சிறை, நான்கு பிரம்படி.

நீதிமன்றப் படிக்கட்டில் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெட்ரீசியாவின் தோளில் ஒன்று, தலையில் ஒன்று. மூன்றாவதற்கு ஒரு மாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா தூரத்தில் நின்று வேறெங்கோ பார்த்தார். ஜெயபாலன் வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி இறங்கி வந்தார். அவளுக்கு எதிரே வந்ததும் நின்றார்.

“எத எழுதுன?”

“பினாங்கு.”

“ம்,” என்றார். இருளாயி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரைத் தொழிற்சாலையில் சரக்குக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று பின்னால் நவமணி எழுதியிருந்தாள். அவருக்கு பெட்ரீசியா மூன்று கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

பிடிபட்ட நாளிலிருந்து எண்ணி, நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, 1986 டிசம்பரில் லூயிஸ் தைப்பிங் சிறையிலிருந்து வெளியே வந்தான். பிப்ரவரியில், மூன்றாம் வருடத் தேர்வு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் அவள் எதிரே வந்து நின்றான். தலை ஒட்ட வெட்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னாள். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நாலு அடி,” என்றான். “ரெண்டாவது அடியிலயே சதை பிஞ்சிருச்சி. மூனு வாரம் குப்புறத்தான் படுத்தேன்.”

அவள் சோற்றுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“அங்க படுத்துக்கிட்டு ஒன்னுதான் யோசிச்சேன். ரெண்டு படிப்புன்னு கோர்ட்டுல சொன்னியே. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்? எனக்கு அதத் தெரிஞ்சிக்கணும்.”

பெட்ரீசியா சொன்னாள். அவனுக்குப் புரியும்படி, லோரியை வைத்தே சொன்னாள். ஒருத்தன் லோரிய வச்சி எந்தச் சரக்க எங்க கொண்டு போகணும்னு படிக்கிறான், இன்னொருத்தன் எஞ்சினப் படிக்கிறான் என்றாள். லூயிஸ் கவனமாகக் கேட்டான். பள்ளிக்கு அவளை மோட்டாரில் கூட்டிப் போகும்போது அவள் சொல்லும் கதைகளைக் கேட்பது மாதிரியே தலையாட்டிக் கேட்டான்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இத எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“ஒனக்குத் தெரியாதே அண்ணே.”

அவன் அடித்தான். திறந்த கையால் இடது காதோடு சேர்த்து விழுந்தது அடி. அவள் காதுக்குள் ஏதோ கிழிந்தது. நாற்காலியோடு சாய்ந்தாள். அவன் எழுந்து மிதித்தான். இந்த முறை அவள் காலைக் கட்டிக்கொள்ளவில்லை. உருண்டு எழுந்து அவன் முகத்தை நகத்தால் கிழித்தாள். தட்டை எடுத்து அவன் மூக்கில் அடித்தாள். இருவரும் சோற்றுப் பருக்கையிலும் குழம்பிலும் வழுக்கி விழுந்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி கட்டிப் புரண்டார்கள். அவன் அவள் கழுத்தைப் பிடித்தான். “ஒன்னய நான் தூக்கி வளத்தேன்! நான் தூக்கி வளத்தேன்!” என்று கத்தினான். நான்கு பேர் சேர்ந்து அவனை இழுத்தார்கள். இழுக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

பெட்ரீசியா முகத்தைக் கழுவிக்கொண்டு தானாகவே போலீஸ் பலாய்க்கு நடந்து போனாள். முறையீடு எழுதும் சார்ஜண்ட் வயதானவர். அண்ணன்தானே, இப்போதுதான் வெளியே வந்திருக்கிறான், மறுபடி உள்ளே போட்டால் அவன் வாழ்க்கை என்ன ஆகும், சமாதானமாகப் போகலாமே என்றார். அவர் சொல்வது ஒரு பக்கக் காதில்தான் கேட்டது. பெட்ரீசியா வலது பக்கத்தை அவருக்குத் திருப்பிக்கொண்டு, “எழுதுங்க,” என்றாள்.

இரண்டாவது தேர்வு நாளன்று மண்டப வாசலில் அம்மா நின்றிருந்தார். பினாங்குக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. விடியலில் ஈப்போவில் பஸ் ஏறியிருக்க வேண்டும். சேலை கசங்கியிருந்தது.

“கேஸ வாபஸ் வாங்கு.”

“முடியாதும்மா.”

அகதா கையை ஓங்கினார். பெட்ரீசியா நகரவில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் கை காற்றில் அப்படியே நின்றது.

“எந்தக் காதுடி?”

பெட்ரீசியா இடது காதைத் தொட்டுக் காட்டினாள். அம்மா கையை இறக்கினார். அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தார். அதில் மஞ்சளாக நீர் ஊறியிருந்தது.

“கேக்குதா?”

“இல்ல.”

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். மாணவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பெட்ரீசியா அவர் பக்கத்தில் நின்றாள். உள்ளே மணி அடித்திருக்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. கூடப் படிக்கும் மலாய்ப் பெண் ஒருத்தி வந்து தோளைத் தட்டினாள்.

“போ,” என்றார் அம்மா, தலையைத் தூக்காமல். “போய் எழுது.”

மூன்று மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது படியில் யாரும் இல்லை. ஈப்போ பஸ் இரண்டு மணிக்கே போயிருந்தது.